பத்தொன்பதாம் பக்கத்துக்கு கேட் பாஸ்

சுரங்க வாசலில் இருந்த காவலர் அந்தப் படத்தை மேசைமேல் விரித்தார். சைக்கிளில் கொண்டுவர வசதியாக நான் சுருட்டி வைத்திருந்ததால் அது திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டது. ஒரு மூலையில் டார்ச் லைட்டை வைத்தார். இன்னொரு மூலையில் தன் தொப்பியை வைத்தார். மூன்றாவது மூலையில் பாதி டீயோடு ஒரு கிளாஸ். நான்காவது மூலைக்கு எதுவும் அகப்படாமல் என் கட்டை விரலை வைக்கச் சொன்னார்.

என் கண்ணெல்லாம் அந்த டீ கிளாஸ் மேலேயே இருந்தது.

"யாருங்க இவரு?" என்றார்.

"அழகேசன்."

"எந்த செக்‌ஷன்?"

அழகேசன் எந்த செக்‌ஷனிலும் இல்லை, ஒரு சித்திரக் கதையின் கதாநாயகன் என்று சொன்னேன். படத்தில் அவன் எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டு, புகைகிற செருப்பை உதறிக்கொண்டிருந்தான். காவலர் குனிந்து செருப்பைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் சாப்பாட்டுத் தூக்குகளோடு நெருக்கியது. ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது.

"உள்ள வந்ததுக்கு என்ட்ரி இருக்கா?"

இல்லை. காலையில் கொண்டு போனபோது யாரும் கேட்கவில்லை.

"அப்ப இது உள்ள இருக்கிற பொருளு. வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும்."

காலையில் நான்தான் கொண்டுவந்தேன் என்றேன். அதற்கு யார் சாட்சி என்று கேட்டார். அழகேசனைத் தவிர யாரும் இல்லை.

பிள்ளைகளே, நீங்கள் அந்தக் காவலரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நட்டு, போல்ட்டு, செம்புக் கம்பி எல்லாம் கிடக்கிற இடம் அது. சாப்பாட்டுத் தூக்கு வெளியே வரலாம். வேறு எது வந்தாலும் அதற்கு ஒரு தாள் வேண்டும். ஒரு தாள் வெளியே வருவதற்கும் ஒரு தாள் வேண்டும் என்பது மட்டும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முந்திரிப் பெட்டியின் அடியில்

நான் நெய்வேலிக்கு வந்தது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து. எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கிற ஷெட்டில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபிட்டர் ஆனவன். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒருநாள் பண்ருட்டி மொத்தக் கடையில் முந்திரி வாங்கிவந்தேன். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு. வீட்டில் பெட்டியைக் கவிழ்த்தபோது, முந்திரி கொட்டாமல் இருக்க அடியில் வைத்திருந்த கெட்டித்தாள் ஒன்று விழுந்தது. திருப்பிப் பார்த்தால் முதலை.

சாதாரண முதலை இல்லை. நீங்கள் புத்தகத்தில் பார்க்கும் படத்தைப்போல ஒன்றரை மடங்கு பெரியது. மசியால் வரைந்தது. முதலையின் வால் ஓரிடத்தில் தப்பாகப் போயிருக்கிறது. அதன்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி வேறு வால் போட்டிருக்கிறார்கள். விரலால் தடவினால் பழைய வாலின் மேடு தட்டுப்பட்டது. ஓரத்தில் நீலப் பென்சிலில், "முதலை இன்னும் கோபமாக" என்று எழுதியிருந்தது.

அச்சடித்த புத்தகத்தில் முதலை பிறக்கும்போதே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தாளில்தான் ஒரு மனிதர் உட்கார்ந்து, முதலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபப்படுத்தியிருப்பது தெரிந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. முந்திரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மறுவாரமே பண்ருட்டிக்குப் போய் விசாரித்தேன். வரைந்தவர் பெயர் தங்கப்பன். முந்திரி டின்களில் கடைப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முன்பு ஒரு சின்னப் பத்திரிகைக்கு, "எரிமலைத் தீவில் அழகேசன்" என்று முப்பத்திரண்டு பக்கம் வரைந்தாராம். பத்திரிகை நின்றுபோனது. அசல் படங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கெட்டியான தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அதை வச்சிக்கினு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

பார்க்கப் போகிறேன் என்றேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பேச்சு உதிர்ந்த வீடு

மீதிப் பக்கங்களைச் சேர்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. குள்ளஞ்சாவடியில் ஒரு டீக்கடையில் அழகேசன் கரி அடுப்புக்கு விசிறியாக இருந்தான். ஒரு தையல்காரர் சுறாமீனோடு சண்டை போடும் பக்கத்தைச் சட்டைக் காலர் அளவுக்கு வெட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். ஊறுகாய் ஜாடிமேல் மூடியாக ஒரு பக்கம். எல்லா இடத்திலும் புது அட்டை ஒன்றைக் கொடுத்துப் பழைய தாளை வாங்கினேன். புது அட்டையைக் கொடுத்துப் பழசை வாங்கிப்போகிறவனை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஊறுகாய்க்காரம்மா கூடவே இரண்டு மாங்காய்த் துண்டும் கொடுத்தார்.

அசல் படங்களில் ஒரு தொல்லை உண்டு. பாத்திரங்கள் பேசுவதைத் தனித் தாளில் எழுதி, வெட்டி, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்தால் பேச்சு உதிர்ந்துவிடும். எங்கள் குவார்ட்டர்ஸில் அப்போது எங்கே பார்த்தாலும் பேச்சுதான். "இனி நீ தப்ப முடியாது" என்பது ஒருநாள் பால் குக்கரின் அடியில் ஒட்டியிருந்தது. "ஐயோ, இது என்ன சத்தம்?" என் சட்டைப் பையிலேயே வேலைக்கு வந்துவிட்டது. என் மனைவி சரோஜா பெருக்கும்போது கிடைப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். இந்த வீட்டில் குப்பைகூட என்னைப் பார்த்துக் கத்துகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் ஈரம் படக்கூடாது என்று படங்களை டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினேன். எனக்கு மிகவும் பிடித்தது பத்தொன்பதாம் பக்கம். எரிமலையின் வாய்க்கு நேர்மேலே அழகேசன் ஒற்றைக் கயிற்றில் தொங்குவான். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மழை முடிந்து பண்ருட்டியிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. புதிதாக ஒரு மாத இதழ் தொடங்குகிறார்களாம். அழகேசனை மறுபடி போடக் கேட்கிறார்களாம். படத்தை அச்சடிக்கிற பழைய பிளாக்குகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அசல் படங்கள் இருந்தால் போடலாம், பிடித்திருந்தால் புதுக் கதையும் வரையச் சொல்வார்களாம். "அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு வருகிறேன். முப்பத்திரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எடுக்க மாட்டார்கள். உங்களை நம்பித்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். எழுத்தெல்லாம் முந்திரி டின் எழுத்து மாதிரி அழகாக இருந்தது.

பெட்டியை இழுத்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு பேச்சு கிடந்தது. "கயிற்றை விட்டுவிடாதே அழகேசா, இதோ வருகிறேன்!" பத்தொன்பதாம் பக்கத்தில் ஒட்ட வேண்டியது. பெட்டியைத் திறந்தேன். பத்தொன்பதாம் பக்கம் இல்லை.

இரண்டு மாதம் டீ குடித்த இடம்

"பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. மேல இருந்ததை எடுத்துக் குடுத்தேன்" என்றாள் சரோஜா.

யாருக்கு என்றால், கோதண்டத்துக்கு. கோதண்டம் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். எங்கள் ஷெட்டில் கான்ட்ராக்ட் ஆள். பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் எழுதும் போட்டி வைத்தார்கள். அதற்குக் கெட்டித்தாள் இருந்தால் கொடுங்கண்ணே என்று என்னிடமே கேட்டார். வீட்டில் வாங்கிக்கொள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

"தலையில் தொப்பி இருந்தால் வாசலில் கோலம் இருக்கும்." இதுதான் அவர் எழுதியது. முதல் பரிசு அதற்குத்தான். பெரிய அதிகாரி அந்தத் தாளிலேயே கோதண்டத்தின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினார்கள். சட்டத்தின் ஓரத்தில் ஸ்டோர் நம்பரும் எழுதினார்கள்.

விழாவில் நானும் கைதட்டினேன். அதற்குக் கீழேயே உட்கார்ந்து இரண்டு மாதம் டீ குடித்தேன். என் தலைக்கு மேலே, அந்த வாசகத்தின் முதுகில், அழகேசன் சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜோடி காட்டு

ஃபோர்மேன் சின்னச்சாமி ஈரோட்டுப் பக்கத்துக்காரர், நிதானமானவர். நான் சொன்னதைக் கேட்டு டீ வேளையில் சட்டத்தை இறக்கி, ஆணி பிடுங்கி, தாளைத் திருப்பினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வந்து குனிந்தார்கள்.

பிறகு ஆரம்பித்தார்கள். கப்பி தப்பான பக்கத்தில் இருக்கிறது, இப்படி இழுத்தால் கயிறு அறுந்துவிடும் என்றார் ஒருவர். அந்த முடிச்சு நிற்காது என்றார் இன்னொருவர். தொங்குகிற ஆளுக்கு இடுப்பு பெல்ட் ஏன் இல்லை, மேலே நிற்பவன் யாரிடம் பெர்மிட் வாங்கினான் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது.

சின்னச்சாமிக்கு வேறு கவலை. "ஹெல்மெட் இல்லாம தொங்கறானுங்களே. நம்ம பாதுகாப்பு வாசகத்துக்குப் பின்னாடியே இப்படித் தொங்கினா என்னுங்க அர்த்தம்?"

இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இது உன்னுடையது என்று எப்படி நம்புவது, ஜோடி காட்டு என்றார். அதாவது இதற்கு அடுத்த பக்கம். அவருக்கு அத்தாட்சியும் வேண்டும், அழகேசன் பிழைத்தானா என்றும் தெரிய வேண்டும். மறுநாள் காலை இருபதாம் பக்கத்தைச் சுருட்டிக் கொண்டுபோனேன். எல்லோரும் பார்த்தார்கள். பிழைத்துவிட்டான் என்று நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் வெளியே வரும்போதுதான், ஆரம்பத்தில் சொன்னேனே, காவலரும் டீ கிளாஸும்.

ஆக, உள்ளே இருந்த ஒன்றை மீட்கப் போய் உள்ளே இரண்டாகிவிட்டது.

சின்னச்சாமியிடம் போனேன். அவர் கேட் பாஸ் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகப் பாஸ் எழுத முடியாது, கேள்வி வரும். எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டால் ஒரே பாஸாகப் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னபோது அது மிகவும் சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து நாளைக்குப் பத்து பத்துப் பக்கமாக மீதி முப்பதையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தேன். யாரும் தடுக்கவில்லை. காவலர் வணக்கம்கூடச் சொன்னார். ஷெட்டில் டீ வேளை கால் மணி நேரம் நீண்டது. பெல்ட் பழுதெல்லாம் அழகேசனுக்காகக் காத்திருந்தது.

"வீட்டுல இருந்ததையும் உள்ள கொண்டுபோய் வச்சிட்டு வந்துட்டீங்க. இப்ப மனசு நிம்மதியா இருக்கா?" என்றாள் சரோஜா.

பழுது

பாஸில் இரண்டே வகை. திரும்பி வராதது, திரும்பி வருவது. திரும்பி வராதது என்றால் உதவாத சாமான் என்று ஒரு கமிட்டி பார்த்துச் சொல்ல வேண்டும். கமிட்டி கூடுவதற்குள் ஞாயிறு போய்விடும். தவிரவும், அழகேசன் உதவாத சாமான் என்று எழுத ஷெட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

திரும்பி வருவது என்றால் பழுதுபார்க்க அனுப்பலாம். ஆனால் ஷெட்டுக் கணக்கில் இல்லாததை அனுப்ப முடியாது. எனவே சின்னச்சாமி முதலில் பதிவேட்டில், "படம் - முப்பத்திரண்டு" என்று வரவு வைத்தார். அந்த நிமிஷத்தோடு என் இரண்டு வருஷச் சேகரிப்பு முழுவதும் ஷெட்டின் சொத்தாகிவிட்டது. பிறகு பாஸ் எழுதினார். "என்ன பழுது" என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, தெளிவாக எழுதினார்: "பத்தொன்பதாம் படத்தில் ஆளுக்கு ஹெல்மெட் இல்லை."

அப்போதுதான் கோதண்டம் வந்தார். அதுவரை அவர் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. தாளின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இது திரும்பி வந்துருமா?"

வேறு தாளில் அதே வாசகத்தை அழகாக எழுதி மாட்டிவிடலாம் என்றேன். தாளை நடுவில் கீறி இரண்டாக உரித்தால் ஆளுக்கொரு பக்கம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை.

"வாசகம் போனா போவுதுண்ணே. கையெழுத்து? எட்டு வருசமா வேலை செஞ்சிக்கினு இருக்கேன். என் பேரு போட்ட பேப்பரு இந்த மைன்ஸ்ல இது ஒண்ணுதான் கீது. வூட்டுல என் பொண்ணு தெனம் கேக்குது, இன்னைக்கும் தொங்குதாப்பான்னு."

வந்துவிடும் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காவலர் முப்பத்திரண்டையும் எண்ணி வெளியே விட்டார். மறுநாள் தங்கப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபதாம் பக்கத்தைச் சுருட்டியதற்குத் திட்டினார். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, உதிர்ந்த பேச்சையெல்லாம் இடம் பார்த்து ஒட்டினார். நான் தயங்கித் தயங்கிப் பழுதுச் சீட்டைக் காட்டினேன். ஹெல்மெட்டோடு கப்பி, முடிச்சு, பெல்ட் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பத்தொன்பதாம் பக்கத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"முடிச்சு நிக்காதுன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க."

"நான் வரையும்போதே தெரியும் எனக்கு. பத்திரிகைக்காரரே கண்டுக்கலை. இம்மாம் உத்து ஒருத்தரும் பாத்ததில்லீங்க."

பையிலிருந்து தூரிகையை எடுத்தார். முடிச்சைத் திருத்தினார். கப்பியை வெள்ளை பூசி இந்தப் பக்கம் மாற்றினார். கடைசியாக, எரிமலைமேல் தொங்குகிற அழகேசனுக்கு ஒரு ஹெல்மெட் போட்டார். தாடைப் பட்டை உட்பட.

கூடுதலாக ஒன்று

சில மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. பதினெட்டாம் பக்கத்தில் அழகேசன் வெறுந்தலையோடு கயிற்றைப் பிடிக்கிறான். பத்தொன்பதில் ஹெல்மெட்டோடு தொங்குகிறான். இருபதில் மறுபடி வெறுந்தலை. இது எப்படி என்று கேட்டு உங்களைப் போன்ற பிள்ளைகள் கடிதம் எழுதினார்களாம். எரிமலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போக வேண்டும் என்று இதழில் பதில் போட்டார்கள். தங்கப்பனுக்குப் புதுக் கதையும் கிடைத்தது.

அசல் படங்கள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்த மறுநாளே சின்னச்சாமி பாஸை ஞாபகப்படுத்தினார். படம் முப்பத்திரண்டு, திரும்பி வர வேண்டும். நான் கலங்கிப் போய் நின்றதைப் பார்த்து, பாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு தரம் படித்தார்.

"அசல் படம்னு எங்கீங்க எழுதியிருக்குது? படம்னுதானே இருக்குது" என்றார்.

அச்சான புத்தகத்தில் முப்பத்திரண்டு பக்கம். அதைக் கொண்டுவந்து கணக்கை முடித்துக்கொள்ளலாம். எல்லாம் எனக்கே. பத்தொன்பதும்.

அன்று இரவு ஷிஃப்ட் இல்லை, நன்றாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் ஷெட்டில் வெறும் கண்ணாடிச் சட்டம் ஆணியில் மாட்டியபடியே இருந்தது. கோதண்டம் டீயை வாங்கிக்கொண்டு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்திருந்தார். அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை வாசலில் பையைத் திறந்து காட்டினேன். காவலர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எண்ணினார். முப்பத்திரண்டு. பாஸில் முத்திரை குத்தினார். பிறகு பையில் தட்டையாக வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

"கணக்குக்கு மேல ஒண்ணு இருக்குதே?"

"இது உள்ளே இருக்க வேண்டியதுங்க" என்றேன்.

"கூடுதலா இருந்தா பரவாயில்ல, போங்க. வெளிய வரும்போதுதான் பாஸ் வேணும்."

தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சின்னச்சாமி சட்டத்தில் ஆணி அடித்தார். கோதண்டம் கொஞ்சம் தள்ளி நின்று, கோணலாக இருக்கிறது, இடப்பக்கம் தூக்குங்க என்று மட்டும் சொன்னார்.

நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். பத்தொன்பதாம் பக்கம் வரவில்லை. வீட்டில் படங்களைப் பார்க்க வருகிறவர்கள் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்தத் தாள் முழுக்க வெறுமை இல்லை. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தபோது ஒரு பேச்சு மறுபடி உதிர்ந்து விழுந்தது. அதை இடம் பார்த்து ஒட்டியிருக்கிறேன்.

"கயிற்றை விட்டுவிடாதே அழகேசா, இதோ வருகிறேன்!"